யோவானா, யோகன்னானா? எல்லையோர ஊர்களில் ஒரு பெயரின் வரலாறு

களியக்காவிளையோடு தமிழ்நாடு முடிகிறது. அங்கிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருஞ்சாலையில் இஞ்சிவிளையைத் தாண்டினால் பாறசாலை. இன்னும் மேலே சென்றால் உதியன்குளங்கரை, அமரவிளை, அப்புறம் நெய்யாற்றின்கரை. பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம்கூட ஆகாத இந்தத் துண்டு நிலத்தில், மூத்தவர் வீட்டில் தமிழ் வேதாகமமும் இளையவர் வீட்டில் மலையாள வேதாகமமும் இருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆகவே ஒரே பாட்டாவின் பெயர் ஒரு வீட்டில் யோவான், இன்னொரு வீட்டில் யோகன்னான். பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்த்தால் ஜான். கத்தோலிக்கச் சம்பந்தம் இருந்தால் அருளப்பன் என்ற பெயரும் எங்காவது தலைகாட்டும்.

நான்கும் ஒன்றே என்று சொன்னால் நம் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் வியக்கிறார்கள். பெரியவர்களும் சிலர் வியக்கத்தான் செய்கிறார்கள். ஆகையால் இந்த முறை பாடத்துக்கு இந்த ஒரு பெயரையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் பொருள். மூலம் எபிரெய மொழி. அங்கே இப்பெயர் யோஹானான். இதில் இரண்டு துண்டுகள் உள்ளன. ‘யோ’ என்பது யாவே என்னும் இறைப்பெயரின் சுருக்கம். ‘ஹானான்’ என்பது அருள் செய்தான், இரங்கினான் என்று பொருள்படும் வினை. சேர்த்துப் பார்த்தால் ‘ஆண்டவர் அருள் செய்தார்’. அதாவது இது வெறும் பெயர்ச்சொல் அல்ல, ஒரு முழு வாக்கியம். பிள்ளைக்காகக் காத்திருந்து பெற்ற தாய் தந்தையர் சொல்லும் நன்றி வாக்கியம் என்றே கொள்ளலாம்.

இதே வேரிலிருந்து பிறந்த உறவுப் பெயர்கள் பல. சாமுவேலின் தாயான அன்னாள் இந்த வேரைச் சேர்ந்தவள். நெய்யாற்றின்கரைப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது இருக்கும் அன்னம்மாவும் அவள் வழியே வந்தவர்தான். தானியேலின் தோழர்களில் ஒருவன் அனனியா. அவன் பெயரில் அதே இரண்டு துண்டுகள் இடம் மாறி நிற்கின்றன, அவ்வளவே. ஆல்ப்ஸ் மலையை யானைகளோடு கடந்த கார்த்தேஜ் படைத்தலைவன் ஹன்னிபாலின் பெயரிலும் இந்த ‘ஹன்’ உண்டு. அங்கே அருளியவர் பாகால் என்னும் தெய்வம். வேர் ஒன்று, தெய்வம் வேறு!

இப்பெயர் மிகப் பழையது. எகிப்தின் எலிபன்டைன் தீவில் குடியிருந்த யூதர்கள் கி.மு. 407-இல் எழுதிய ஒரு மனுவில், எருசலேமின் பிரதான ஆசாரியராக இப்பெயருடைய ஒருவர் குறிக்கப்படுகிறார். பிற்பாடு யூத அரசை ஆண்ட மக்கபேயர் குலத்தில் இப்பெயர் வழங்கியது. யோவான் ஹிர்கானு என்பவர் கி.மு. 134 முதல் 104 வரை ஆண்டார். அரசர் வீட்டுப் பெயர் குடிமக்கள் வீட்டுக்குப் பரவுவது எந்த நாட்டிலும் வழக்கம். இயேசுவின் காலத்துப் பாலஸ்தீனத்தில் மிகுதியாக வழங்கிய ஆண் பெயர்களுள் இதுவும் ஒன்றாகிவிட்டது. புதிய ஏற்பாட்டில் ஸ்நானகன் ஒருவர், அப்போஸ்தலர் ஒருவர், மாற்கு என்னும் மறுபெயர் கொண்டவர் ஒருவர் என்று பல யோவான்கள் வருவதற்கு இதுவே காரணம்.

இவர்களில் ஸ்நானகனுக்குப் பெயர் வைத்த கதை லூக்கா சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் பேர் வைக்கும் நாளில் நடக்கிற வாக்குவாதத்துக்கு அது நல்ல முன்மாதிரி. எட்டாம் நாள் உறவினரும் அயலாரும் கூடுகிறார்கள். அப்பன் பெயராகிய சகரியாவையே பிள்ளைக்கும் வைப்பதாக அவர்கள் தீர்மானம். தாய் எலிசபெத்து மறுத்து, யோவான் என்கிறாள். உன் உறவுமுறையில் இந்தப் பெயருடையவர் ஒருவரும் இல்லையே என்று ஆட்சேபம் எழுகிறது. வாய் பேச முடியாதிருந்த சகரியாவிடம் எழுத்துப் பலகையைக் கொடுக்கிறார்கள். அவர் எழுதியது தாய் சொன்ன பெயரையே. வழக்கு முடிந்தது. இதே பிறப்பைக் கூறும் குர்ஆனின் மரியம் அத்தியாயம் அவரை யஹ்யா என்கிறது. அப்பெயர் அதற்குமுன் யாருக்கும் இடப்படவில்லை என்றும் சொல்கிறது. முஸ்லிம் சகோதரர் வீட்டு யஹ்யாவும் கிறிஸ்தவர் வீட்டு யோவானும் ஒரே பெரியவரின் பெயரைத் தாங்கியவர்கள்.

இனி, தமிழில் யோவான் என்றும் மலையாளத்தில் யோகன்னான் என்றும் ஏன் பிரிந்தது? இங்கேதான் விஷயம் சுவையானது.

எபிரெயப் பெயர் மேற்கே போனபோது கிரேக்கர் வாயில் இயோவான்னேஸ் ஆயிற்று. கிரேக்க எழுத்தில் சொல்லின் நடுவே ‘ஹ’ ஒலியை எழுத வழியில்லை. ஆகவே அது உதிர்ந்தது. லத்தீன்காரர் அந்த ‘ஹ’ வை எழுத்தில் திரும்பச் சேர்த்து இயோஹான்னெஸ் என்றனர். அதிலிருந்தே ஜெர்மானியரின் யோஹன், பிரெஞ்சுக்காரரின் ழான், ஸ்பானியரின் ஹுவான், இத்தாலியரின் ஜொவான்னி, ஆங்கிலேயரின் ஜான் எல்லாம் வந்தன. தமிழ் வேதாகமத்தின் யோவான் இந்த மேற்குவழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நடுவில் ‘ஹ’ இல்லாததே அதன் அடையாளம்.

மலையாளத்தின் கதை வேறு. கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழி சுரியானி. அது எபிரெயத்தின் உடன்பிறப்பான அரமேய மொழியின் ஒரு வடிவம். அங்கே ‘ஹ’ வும் இரட்டை ‘ன’ வும் சிதையாமல் யோஹன்னான் என்று நின்றது. பெஞ்சமின் பெய்லி கோட்டயத்தில் மலையாளப் புதிய ஏற்பாட்டை 1829-இல் அச்சிட்டபோது அங்கு வேரூன்றியிருந்த வடிவம் அதுவே. மத்திய கேரளத்தில் அது மேலும் உருமாறி உலகன்னான் என்றும் லோனப்பன் என்றும் ஆகியிருக்கிறது. லோனப்பன் என்ற பெயரைக் கேட்டு அதற்குள் ஒரு யோவான் இருப்பதாக யார் நினைப்பார்கள்?

ஆக, பாறசாலையில் சந்திக்கும் இவ்விரு வடிவங்களும் வெறும் தமிழ் உச்சரிப்பும் மலையாள உச்சரிப்பும் அல்ல. ஒன்று கிரேக்கம் வழியாக ஐரோப்பாவைச் சுற்றிக் கப்பலேறி வந்தது. மற்றது சிரியா, பாரசீகம் வழியாகக் கீழ்த்திசைக்கு நேரே வந்தது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரு கிளைகள் களியக்காவிளைக்கு அப்பால் ஒரே வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ்ப் பழைய ஏற்பாட்டில், எரேமியாவின் புத்தகத்தில், கரேயாவின் குமாரன் ஒருவன் வருகிறான். அவன் பெயர் யோகனான். அதுவும் இதே பெயர்தான்! பழைய ஏற்பாட்டை எபிரெயத்திலிருந்து பெயர்த்தபோது ‘க’ வந்தது. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து பெயர்த்தபோது ‘வ’ வந்தது. ஒரே நூலின் இரு அட்டைகளுக்குள் ஒரே பெயர் இரண்டு வேடம் போட்டிருக்கிறது. யோகன்னான் மலையாளப் பெயர், யோவான்தான் தமிழ்ப் பெயர் என்று அடித்துப் பேசுகிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

கத்தோலிக்கர் வழி மூன்றாவது. அவர்கள் ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பெயர்த்தார்கள். யோவான் என்றால் அருள், ஆகவே அருளப்பர். லிஸ்பனில் 1647-இல் பிறந்து, மதுரை மிஷனில் உழைத்து, 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் தெ பிரிட்டோ தமிழில் அருளானந்தர் ஆனதும் இந்த முறையிலேயே. பவுல் என்பதற்கு லத்தீனில் சிறியவன் என்று பொருள், ஆகவே சின்னப்பர். ஸ்தேவானுக்குக் கிரேக்கத்தில் முடி என்று பொருள், ஆகவே முடியப்பர். யோசேப்புக்குப் பெருகுதல் என்ற பொருள் இருப்பதால் வீரமாமுனிவர் தேம்பாவணியில் அவரை வளன் என்றார். எவ்வளவு அழகான வேலை! இன்று பொருள் தேடி இணையத்தில் அலைகிறோம். அன்று பொருளே பெயராக நின்றது. ஆனால் 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அருளப்பர் போய் யோவானே நிலைத்துவிட்டார். சபைகள் ஒன்றுபட்டதில் மகிழ்ச்சிதான். என்றாலும் எனக்கு அருளப்பரை இழந்ததில் சற்று வருத்தமுண்டு.

இப்படிப் பொருள் பெயர்த்ததற்கு எல்லைப் பகுதியின் தலைசிறந்த சான்று பாறசாலைக்குச் சிறிது தொலைவிலுள்ள நட்டாலத்தில் பிறந்தவர். 1712-இல் நீலகண்டனாகப் பிறந்து, மார்த்தாண்டவர்மா அரசில் பணிபுரிந்து, டச்சுத் தளபதி டிலனாயின் தொடர்பால் கிறிஸ்தவ சமயத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். இடப்பட்ட பெயர் லாசரு. அது எலெயாசர் என்ற எபிரெயப் பெயரின் குறுக்கம். பொருள் ‘தேவன் உதவினார்’. எனவே தமிழில் தேவசகாயம். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட அவர், 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அப்போது அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப்பெயர் வேண்டாம் என்று கோரிக்கை எழுந்து, அது நீக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். அதே ஊர்களில் இன்று தேவசகாயம், சகாயதாஸ், லாசர் என்று அண்ணன் தம்பிகளே இருப்பார்கள். எல்லாரும் ஒரே எலெயாசர்தான்.

ஜான் என்ற ஆங்கில வடிவம் பரவியது லண்டன் மிஷன் வருகைக்குப் பிறகு. ரிங்கல்தௌபே 1806-இல் தென்திருவிதாங்கூர் வந்தார். மயிலாடியில் அவருக்கு முன்னோடியாக நின்ற மகாராசன், திருமுழுக்குக்குப் பின் வேதமாணிக்கம் ஆனார். கவனியுங்கள், அந்த முதல் தலைமுறை ஏற்றது எபிரெயப் பெயரும் அல்ல, ஆங்கிலப் பெயரும் அல்ல. வேதமாணிக்கம், தேவசகாயம், ஞானாபரணம், நேசமணி போன்ற பெயர்களே அங்கு நெடுநாள் செழித்தன. மிஷன் விடுதிப் பள்ளிகள் வந்தபோது இங்கிலாந்திலிருந்து பணம் அனுப்பிய உபகாரிகளின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடும் வழக்கம் வந்தது. மிஷனரிகளின் பெயர்களும் ஒட்டிக்கொண்டன. பாறசாலையில் பணிபுரிந்த ஜான் ஆப்ஸ், திருவிதாங்கூரைப் பற்றி இரு பெரிய நூல்கள் எழுதிய சாமுவேல் மேட்டீர் ஆகியோரின் பெயர்களைப் பாருங்கள். ஒன்று யோவான், மற்றது சாமுவேல். கிறிஸ்தாயனம் பாடிய மயிலாடி ஜான் பால்மர் (1812-1883) பெயரைக் கேட்டால் வெள்ளைக்காரர் என்றே தோன்றும். அவரோ நல்ல தமிழ்க் கவிஞர்.

இந்த அடுக்குகள் எல்லாம் ஒரே ஆளின் பெயரில் சேர்ந்து நிற்பதும் உண்டு. மலையாள சினிமாவின் தந்தை எனப்படும் ஜே. சி. டேனியலின் முழுப்பெயர் ஜோசப் செல்லையா டேனியல். இரண்டு எபிரெயப் பெயர்களுக்கு நடுவே ஒரு செல்லையா! அகஸ்தீசுவரத்துத் தமிழர் எடுத்த ‘விகதகுமாரன்’ மலையாளிகளின் முதல் படமானது. அவர் பெயரில் கேரள அரசு இன்று தன் உயர்ந்த சினிமா விருதை வழங்குகிறது. பெயரும் எல்லையும் இப்படித்தான் ஒன்றையொன்று மதியாமல் நடந்துகொள்கின்றன.

எல்லை என்றோமே, அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த்தமிழகத்துடன் இணைக்கக் கோரிய ஒன்பது தாலுக்காக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகியவை கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சபையும் பின்தொடர்ந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர்ப் பேராயம் 1959-இல் கன்னியாகுமரி என்றும் தென்கேரளம் என்றும் இரண்டாயிற்று. பள்ளியில் மலையாளம், ஆலயத்தில் மலையாளம் என்று ஆனபின் பாறசாலைப் பக்கத்து யோவான்கள் மெல்ல யோகன்னான்களாகவும், அதைவிட வேகமாக ஜான்களாகவும் மாறினர். ஜானுக்கு ஒரு வசதி, அது இரண்டு மொழிக்கும் பொது. சண்டை இல்லை. மலங்கரைக் கத்தோலிக்கர் பரவிய ஊர்களில் இவானியோஸ் என்ற நான்காவது வடிவமும் தெரிந்த பெயராயிற்று. 1930-இல் உரோமையோடு ஒன்றிப்புக்குத் தலைமை தாங்கிய மார் இவானியோஸின் பெயர் அது. கிரேக்க இயோவான்னேஸ் சுரியானி வழியாகத் திரும்பி வந்த வடிவம். அச்சபைக்குப் பாறசாலையையே தலைமையிடமாகக் கொண்ட தனி மறைமாவட்டம் 2017-இல் அமைந்தது.

பெயர் மாற்றத்தில் பண்பாடு மட்டும் இல்லை, வயிற்றுப்பாடும் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை கிறிஸ்தவராகிவிட்டவருக்குக் கிடையாது. ஆகவே எல்லைக்கு இரு புறமும் ஆலயத்தில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று இரட்டைப் பெயரோடு வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல. ஞாயிற்றுக்கிழமை யோவான், திங்கட்கிழமை கிருஷ்ணன். இதைக் கேலி செய்வோர் உண்டு. பெயரை மாற்றினாலும் சாதியை மறக்காத ஊரில், பெயரை மாற்றியதற்காகச் சலுகையை மட்டும் இழப்பதா என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இராது.

வெளிநாடு வந்த நமக்கு இது வேறு விதத்தில் தலைவலியாகிறது. ஞானஸ்நானப் பதிவில் தகப்பனார் யோவான். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஜான். நிலப்பத்திரத்தில் யோகன்னான். குடியுரிமை விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் மூன்று மனிதர்கள்! ஊரில் வில்லேஜ் ஆபீசில் மனுக்கொடுத்து ‘வன் அண்ட் தி சேம்’ சர்டிபிகேட், அதாவது இன்னாரும் இன்னாரும் ஒருவரே என்ற சான்று, வாங்கிவிடுவது நல்லது. பெரியவர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே இதைச் செய்துவைப்பது புத்திசாலித்தனம். சாட்சி சொல்ல ஆள் இல்லாமற்போன பின் அலைந்தவர்களை நம் சங்கத்திலேயே கேட்டுப் பாருங்கள். அப்பா பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிடும் நாடுகளில் இன்னொரு வேடிக்கை. ஊரில் ஒருவர் பெயராக இருந்த யோவான், இங்கே பேரன் பேத்தி எல்லாருக்கும் கடைசிப் பெயராகி நிலைத்துவிடுகிறது. பெண்பிள்ளைக்கும் அதே யோவான்தான். பெண்ணுக்கென்று யோவன்னாள் என்ற பெயர் வேதத்திலேயே இருப்பது பலருக்கு நினைவில்லை.

உலகில் இப்பெயருக்கு இருந்த செல்வாக்கைச் சொல்லாமல் முடியாது. அமெரிக்க அரசுப் பதிவுகளில் 1880 முதல் 1923 வரை ஆண்டுதோறும் ஆண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் ஜானுக்கே. போப்பாண்டவர்களில் 1963-இல் மறைந்தவர் இருபத்து மூன்றாம் அருளப்பர். எண்ணிக்கையில் குளறுபடி நேர்ந்து இருபதாம் அருளப்பர் என்று ஒருவரே இல்லாமற்போனது தனிக்கதை. பிற்பாடு ஆங்கில நாடுகளில் ஜான் பழைய பெயராகிக் கீழிறங்கியது. நம் பிள்ளைகளிடையேயும் அது மங்கிவருகிறது. பட்டியல் எடுத்துச் சொல்லவில்லை, சங்க விழாவில் ஒலிபெருக்கியில் கூப்பிடும் பெயர்களைக் கேட்டாலே தெரியும்.

ஆனால் எந்தப் பெயர்கள் அதன் இடத்துக்கு வந்தன? ஈவன், இயன், ஷான், இவான், யோவன், ஜாக். நவநாகரிகமாக இருக்கிறது என்று தேடிப்பிடித்த பெயர்கள். ஈவன் என்பது வேல்ஸ்காரரின் யோவான். இயன் ஸ்காட்லாந்துக்காரரின் யோவான். ஷான் அயர்லாந்துக்காரரின் யோவான். இவான் ருஷியரின் யோவான், யோவன் செர்பியரின் யோவான். ஜாக் என்பது ஆங்கிலேயர் ஜானைச் செல்லமாக அழைத்த பெயர். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1996 முதல் 2008 வரை தொடர்ந்து முதலிடம் பெற்றது அந்தச் செல்லப்பெயர்தான். பழைய பெயர் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பாட்டாவின் பெயரையே வேறு கடையில் விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறோம். அதில் தவறொன்றுமில்லை. ஊரிலிருக்கும் அம்மூம்மையிடம் இதை எடுத்துச் சொன்னால் எவ்வளவு மகிழ்வார்கள்! ஒரே எச்சரிக்கை: ஈவனையும் இவானையும் தமிழில் எழுதும்போது நெடில் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ‘இவன்’ ஆகிவிடும். அத்தைமார் பிள்ளையைக் கூப்பிடுகிறார்களா, கோபத்தில் சுட்டிக்காட்டுகிறார்களா என்று தெரியாது.

பிள்ளைகளுக்குப் பயிற்சி. வீட்டில் தாத்தா, பாட்டா, அப்பூப்பன் என்று யாரை எப்படி அழைத்தாலும் சரி, அவர்கள் நால்வர் பெயரையும் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஆலயத்தில் என்ன பெயர், பள்ளியில் என்ன பெயர், வீட்டில் என்ன பெயர் என்று தனித்தனியே கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் போதும். பெரியவர்களுக்கும் ஒரு குறிப்பு: ஊருக்குப் போகும்போது பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் முன்னோர் பெயரைத் தேடினால் ‘யோ’ வரிசையோடு நிறுத்திவிடாதீர்கள். ‘ஜா’ வரிசையிலும், கத்தோலிக்க ஆலயமானால் ‘அ’ வரிசையிலும் பாருங்கள். 1956-க்கு முந்திய ஏடானால் மலையாள எழுத்திலும் பார்க்கவேண்டி வரலாம். അ, യ, ജ என்ற மூன்று மலையாள எழுத்துகளை அடுத்த வகுப்பில் பலகையில் எழுதிக் காட்டுகிறோம்.